முப்பது நாளா, ஏழு நாளா? வினாநிரலும் அது தரும் எண்களும்



1999 ஜூலையில் தொடங்கி 2000 ஜூன் வரை தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் 55ஆவது சுற்றுக் கணக்கெடுப்பு நடந்தது. களப்பணியாளர்கள் நாடெங்கும் வீடு வீடாகச் சென்று, அரிசி எவ்வளவு வாங்கினீர்கள், எண்ணெய்க்கு என்ன செலவாயிற்று, துணிமணிக்கு எவ்வளவு போயிற்று என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கணக்கை வைத்துத் திட்டக்குழு வறுமையை மதிப்பிட்டது. 1993–94இல் 36 விழுக்காடாக இருந்த ஏழைகள் 26.1 விழுக்காடாகக் குறைந்துவிட்டார்கள் என்று முடிவு வந்தது. தலைக்கணக்கில் பார்த்தால் 32 கோடி 26 கோடியாக ஆகியிருந்தது. ஆறே ஆண்டுகளில் ஆறு கோடிப் பேர் வறுமையிலிருந்து மீண்டார்கள் என்றால் நாடே கொண்டாட வேண்டிய செய்தி அது.

ஆனால் பொருளியல் அறிஞர்கள் பலர் கொண்டாடவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அதன் கட்டங்களைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

முந்தைய பெரிய சுற்றுகளில் உணவுப் பொருள்களுக்குக் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: கடந்த 30 நாளில் எவ்வளவு? 55ஆவது சுற்றில் அதே பக்கத்தில் இரண்டு கட்டங்கள் அருகருகே அச்சாகியிருந்தன. ஒன்று கடந்த 7 நாள், மற்றொன்று கடந்த 30 நாள். பதில் சொல்லும் குடும்பத் தலைவியின் நிலையில் இருந்து இதைப் பார்க்க வேண்டும். போன வாரம் காய்கறிக்கு இவ்வளவு என்று சொல்லியாயிற்று. அடுத்த நொடியே மாதக் கணக்கைக் கேட்கிறார்கள். போன வாரச் செலவை நான்கால் பெருக்கிச் சொல்வதுதான் இயல்பு. எழுதுகிற களப்பணியாளருக்கும் இரண்டு எண்களும் பொருந்தி வந்தால் நிம்மதி. இப்படி மாதக் கணக்கு தன் பழைய இயல்பை இழந்து, வாரக் கணக்கின் பக்கம் இழுபட்டு உயர்ந்தது என்பதே அறிஞர்களின் சந்தேகம்.

துணி, செருப்பு, பாத்திரம் போன்றவற்றிலும் இன்னொரு மாற்றம் நடந்திருந்தது. அவற்றுக்கு 30 நாள் கேள்வியை எடுத்துவிட்டு 365 நாள் கேள்வி மட்டும் வைக்கப்பட்டது. ஏழைக் குடும்பம் துணி எடுப்பது பொங்கலுக்கோ தீபாவளிக்கோதான். கடந்த மாதம் என்று கேட்டால் பெரும்பாலும் சுழியம் வரும். கடந்த ஆண்டு என்று கேட்டால் ஏதாவது ஒரு தொகை வரும். ஆக, அடித்தட்டில் இருப்பவரின் மாதச் செலவு காகிதத்தில் கூடியது. அவர்களில் சிலர் வறுமைக்கோட்டைத் தாண்டியும் போனார்கள்.

இந்தச் சந்தேகத்துக்கு வலுவான அடிப்படை இருந்தது. 1994 முதல் 1998 வரை நடந்த சிறிய சுற்றுகளில் நிறுவனமே இதைச் சோதித்துப் பார்த்திருந்தது. சில வீடுகளுக்கு 30 நாள் படிவம், வேறு சில வீடுகளுக்கு 7 நாள் படிவம். எந்த வீட்டுக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. 7 நாள் படிவத்தில் உணவுச் செலவு தெளிவாகவே கூடியது. அதை வைத்து வறுமையைக் கணித்தால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்று ஆங்கஸ் டீட்டன் எடுத்துக்காட்டினார். 2015இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பெற்றவர் அவர். யாருடைய சம்பளமும் கூடவில்லை, விலைவாசி மாறவில்லை, ரேஷன் அரிசி கூடுதலாக வரவில்லை. கேள்வியில் இருந்த நாள் கணக்கு மட்டும் மாறியது.

இதை ஒட்டி நடந்த விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. டீட்டனும் வேலரி கோசெலும் தொகுத்து 2005இல் வெளிவந்த ஒரு பெரிய நூலே இதற்கென இருக்கிறது. வெவ்வேறு அறிஞர்கள் வெவ்வேறு முறையில் அந்த எண்ணைத் திருத்திப் பார்த்தார்கள். ஆனாலும் அந்தக் கணக்கெடுப்பை முந்தைய சுற்றுகளோடு நேராக ஒப்பிட முடியாமல் போனது போனதுதான்.

வினாநிரல் பற்றிய சொற்பொழிவை வறுமைக் கணக்கில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. முனைவர் பட்ட ஆய்வில் வினாநிரல் என்பது பெரும்பாலும் கடைசி நேரத்தில், முந்தைய ஆய்வேடு ஒன்றைப் பார்த்து, ஒரு மாலைப்பொழுதில் தட்டச்சு செய்யப்படுகிற பின்னிணைப்பாக இருக்கிறது. மாதிரி எத்தனை பேர், எந்தப் புள்ளியியல் சோதனை என்பதற்கெல்லாம் செலவாகும் கவனத்தில் கால்பங்கு கூடக் கேள்விகளுக்குக் கிடைப்பதில்லை. பதில் மக்களின் மனத்தில் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, போய்க் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்ற நம்பிக்கைதான் இதற்கு அடிப்படை. உண்மையில் பதில் கேட்கும் நேரத்தில்தான் உருவாகிறது. கேட்கிற சொல், கேட்கிற வரிசை, கொடுக்கிற தெரிவுகள், பக்கத்தில் நிற்கிற ஆள் எல்லாம் அதில் கலக்கின்றன. ஆகவே, கேள்வியை ஆய்வாளரின் அட்டவணைக்கு ஏற்ப எழுதாமல், பதில் சொல்பவர் வாழ்கிற விதத்துக்கும் நினைவு வைத்திருக்கிற விதத்துக்கும் ஏற்ப எழுத வேண்டும். இன்று இந்த அவையில் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒருவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது அவர் மனத்தில் என்ன நடக்கிறது? 1980களில் அமெரிக்காவில் உளவியலாளர்களும் கணக்கெடுப்பு வல்லுநர்களும் ஒன்றாக அமர்ந்து இதை ஆராய்ந்தார்கள். ரோஜர் டூரஞ்சோ என்ற உளவியலாளர் அதை நான்கு படிகளாகப் பிரித்துக் காட்டினார். முதலில் கேள்வியைப் புரிந்துகொள்ள வேண்டும். பிறகு நினைவில் இருந்து தேடி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கூட்டிக் கழித்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். கடைசியில் அதை வெளியே சொல்ல வேண்டும். நான்கில் எந்தப் படியிலும் சறுக்கலாம்.

முதல் படியிலேயே சறுக்கியதற்கு அழியாத சான்று ஒன்று இருக்கிறது. 1992இல் அமெரிக்க யூதர் குழு என்ற அமைப்புக்காக ரோப்பர் நிறுவனம் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. நாஜிகள் யூதர்களைக் கொன்றழித்தது நடக்கவே இல்லை என்பது சாத்தியம் என்று தோன்றுகிறதா, சாத்தியமில்லை என்று தோன்றுகிறதா என்பது கேள்வி. 22 விழுக்காட்டினர் சாத்தியம் என்றார்கள். ஐந்தில் ஒரு அமெரிக்கர் இனப்படுகொலையை மறுக்கிறார் என்று செய்தி பரவி, நாடே அதிர்ந்தது. பிறகுதான் கேள்வியின் அமைப்பை உற்றுப் பார்த்தார்கள். "நடக்கவே இல்லை" என்பது ஓர் எதிர்மறை, "சாத்தியமில்லை" என்பது இன்னோர் எதிர்மறை. படுகொலை நடந்தது உறுதி என்று நம்புகிறவர், அது நடக்காதிருந்தது சாத்தியமில்லை என்று சுற்றி வளைத்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1994இல் ரோப்பர் நிறுவனமே கேள்வியைத் திருத்தி மறுபடி கேட்டது. நடக்கவில்லை என்பது சாத்தியமா, நடந்தது உறுதி என்று நினைக்கிறீர்களா? இந்த முறை சாத்தியம் என்றவர்கள் ஒரு விழுக்காடு மட்டுமே.

நம் ஆய்வேடுகளில் இத்தகைய இரட்டை எதிர்மறை அடிக்கடி வருகிறது. "ஆசிரியர் மாணவரை அடிக்கக் கூடாது என்பதை நான் ஏற்கவில்லை" என்று ஒரு வாக்கியம், அதற்கு "முற்றிலும் ஏற்கிறேன்" முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" வரை ஐந்து கட்டங்கள். இதற்கு யார் எங்கே குறி இட்டாலும் அது என்ன சொல்கிறது என்று ஆய்வாளருக்கே தெரியாது. இன்னொரு வகை, ஒரே கேள்வியில் இரண்டைக் கட்டுவது. "உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஆசிரியர்களும் கழிப்பறைகளும் போதுமான அளவில் உள்ளனவா?" ஆசிரியர் இருக்கிறார், கழிப்பறை இல்லை என்பவர் எந்தக் கட்டத்தில் நிற்பார்? மூன்றாவது வகை, விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுப்பது. "குடும்பங்களைச் சீரழிக்கும் டாஸ்மாக் கடைகளை மூட வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா?" இதற்கு இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஐந்து கட்ட அளவுகோலை 1932இல் அறிமுகப்படுத்தியவர் ரென்சிஸ் லிக்கர்ட். நல்ல கருவிதான். ஆனால் எந்த வாக்கியத்தைப் படித்தாலும் "ஏற்கிறேன்" என்று சொல்லிவிடும் போக்கு மனிதரிடம் உண்டு. படித்தவர் வீடு தேடி வந்து கேட்கும்போது ஆமாம் சாமி போட்டு அனுப்பிவிடுவது எளிது, மரியாதையும் கூட. அதனால் "ஆரம்ப சுகாதார நிலையத்தின் சேவை சிறப்பாக உள்ளது: ஏற்கிறீர்களா?" என்பதைவிட, "கடைசியாகப் போனபோது மருத்துவரைப் பார்க்க எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? எழுதிக் கொடுத்த மாத்திரை அங்கேயே கிடைத்ததா?" என்று கேட்பது பயன் தரும்.

தெரியாத விஷயத்துக்கும் மக்கள் பதில் சொல்வார்கள். அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் பிஷப்பும் அவருடைய சகாக்களும் "1975ஆம் ஆண்டின் பொது விவகாரச் சட்டம்" என்ற ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே இல்லை. சோதனைக்காக அவர்களே கற்பித்த பெயர் அது. ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆதரித்தோ எதிர்த்தோ கருத்துச் சொன்னார். அவர்கள் பொய்யர்கள் இல்லை. கேட்கிறவர் ஏதோ பொருளோடுதான் கேட்பார் என்று நம்பி, சட்டத்தின் பெயரில் இருந்து ஊகித்துப் பதில் சொன்னார்கள். "இதைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்ற முன்கேள்வியும், "தெரியாது" என்று கூசாமல் சொல்ல ஒரு கட்டமும் இருந்தால் இந்த வெற்றுக் கருத்துகள் குறையும்.

சொல்லுக்கும் வரிசைக்கும் இருக்கும் வலிமை நெடுநாளாகவே அறியப்பட்டது. மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளைத் "தடை செய்ய வேண்டுமா" என்று அமெரிக்கர்களில் ஒரு பகுதியினரிடமும், "அனுமதிக்க வேண்டுமா" என்று இன்னொரு பகுதியினரிடமும் கேட்ட சோதனையின் முடிவை 1941இல் டொனால்டு ரக் வெளியிட்டார். கருத்துச் சொன்னவர்களில் தடை செய்ய வேண்டும் என்றவர்கள் 54 விழுக்காடு. அனுமதிக்கக் கூடாது என்றவர்கள் 75 விழுக்காடு. நடைமுறையில் இரண்டும் ஒன்றே. ஆனால் "தடை" என்ற கடுமையான செயலுக்கு ஒப்புக்கொள்ளப் பலர் தயங்கினார்கள்.

வரிசைக்கு 1948ஆம் ஆண்டின் சான்று இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. ஹைமன், ஷீட்ஸ்லி என்ற ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். கம்யூனிஸ்ட் நாட்டு நிருபர்களை அமெரிக்காவுக்குள் விட்டுச் செய்தி அனுப்ப அனுமதிக்கலாமா? அமெரிக்க நிருபர்களை ரஷ்யா அனுமதிக்க வேண்டுமா? முதல் கேள்வியை முதலில் கேட்டபோது 36 விழுக்காட்டினர் அனுமதிக்கலாம் என்றார்கள். நம் நிருபர்களை அங்கே விட வேண்டும் என்று சொல்லவைத்த பிறகு அதே கேள்வியைக் கேட்டபோது 73 விழுக்காடு. தமக்கு ஒரு நியாயம், பிறருக்கு ஒரு நியாயமா என்ற எண்ணம் இடையில் வந்துவிட்டது.

கொடுக்கிற தெரிவுகளும் வழிகாட்டுகின்றன. ஜெர்மனியில் நார்பர்ட் ஷ்வார்ஸ் குழுவினர், நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு படிவத்தின் கட்டங்கள் அரை மணி நேரத்தில் தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்பதோடு முடிந்தன. இன்னொன்றில் "இரண்டரை மணி வரை" என்பதே முதல் கட்டம். முதல் படிவத்தில் இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16 விழுக்காடு, இரண்டாவதில் 37 விழுக்காட்டுக்கு மேல். நடுக்கட்டம்தான் ஊரார் வழக்கம் என்று எடுத்துக்கொண்டு, மனிதர்கள் அதை ஒட்டித் தங்களை இருத்திக்கொள்கிறார்கள். மாணவர்கள் கைப்பேசியில் செலவிடும் நேரம் பற்றி நம் கல்லூரிகளில் ஆண்டுதோறும் நடக்கிற ஆய்வுகள் இதைக் கவனிக்க வேண்டும். கட்டம் போடாமல், மணியும் நிமிடமுமாக எண்ணை எழுதச் சொல்வது மேல்.

இனி இரண்டாவது படி, நினைவு. இங்கேதான் தமிழ்நாட்டுக் களத்தில் அதிகம் இடறுகிறோம்.

வயதைக் கேட்டால் முதியவர்கள் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். அதனால் நம் மக்கள்தொகைக் கணக்கில் 0, 5 என முடியும் வயதுகளில் ஆட்கள் குவிந்து கிடக்கிறார்கள். தேதியை நினைவில் வைக்காதவரும் நிகழ்ச்சியை நினைவில் வைத்திருப்பார். தனுஷ்கோடியைக் கடல் கொண்ட 1964 டிசம்பர் புயலின்போது நடக்கிற பிள்ளையா, கைப்பிள்ளையா? எம்.ஜி.ஆர். இறந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா? சுனாமிக்கு முன்பா, பின்பா மூத்த பேரன் பிறந்தான்? கஜா புயலில் விழுந்தது இந்தக் கூரைதானா? இப்படி அந்தந்த வட்டாரத்து நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தி ஒரு நாட்காட்டி தயாரித்துக்கொண்டு களத்துக்குப் போவது மக்கள்தொகை ஆய்வில் நிலைபெற்ற முறை. ஊருக்கு ஊர் அது மாறும். நாகப்பட்டினத்து நாட்காட்டி தருமபுரிக்கு உதவாது.

வருமானக் கேள்வியும் இப்படியே. "உங்கள் மாத வருமானம் என்ன?" என்பது சம்பளக்காரரின் கேள்வி. நடவுக்குப் போய், அரசின் ஊரக வேலைத் திட்டத்துக்குப் போய், சொசைட்டிக்குப் பால் ஊற்றி, மகளிர் உரிமைத் தொகை வாங்கி, மகன் திருப்பூரில் இருந்து அனுப்புவதையும் சேர்த்து வாழ்கிற குடும்பத்துக்கு மாத வருமானம் என்று ஒற்றை எண் கிடையாது. ஒவ்வொரு வழியாகக் கேட்க வேண்டும்: போன வாரம் எத்தனை நாள் கூலிக்குப் போனீர்கள், நாள் கூலி என்ன, மாடு இப்போது எத்தனை லிட்டர் கறக்கிறது? கூட்டிப் பார்ப்பது ஆய்வாளரின் வேலை.

எவ்வளவு காலத்துக்குப் பின்னோக்கிக் கேட்பது என்ற சிக்கலுக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே தீர்வு இல்லை. காலம் நீண்டால் மறதி. குறுகினால் பத்து நாள் முன்பு வாங்கியதையும் இந்த வாரத்தில் சேர்த்துச் சொல்லிவிடும் பழக்கம். தேசிய மாதிரி ஆய்வு பின்னர் கண்ட வழி, பொருளுக்கு ஏற்ற காலம். ரேஷனிலோ மளிகைக் கடையிலோ மாதம் ஒருமுறை வாங்கும் அரிசிக்கும் பருப்புக்கும் 30 நாள். அன்றாடம் தெருவில் வாங்கும் கீரை, மீன், முட்டை, பழம் போன்றவற்றுக்கு 7 நாள். துணிக்கும் பாத்திரத்துக்கும் 365 நாள். 2022–23ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் பொருள்கள் 405 ஆகிவிட்டதால், ஒரே அமர்வில் கேட்டுக் களைப்படையச் செய்யாமல் மூன்று வினாநிரல்களாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதங்களில் மூன்று முறை போனார்கள். 2,61,746 வீடுகளில் இது நடந்தது. முறை மாறியதால் பழைய சுற்றுகளோடு இதை ஒப்பிடும்போது கவனம் தேவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது படி, எடுத்ததை எடைபோட்டு முடிவுக்கு வருவது. பெண்களின் உழைப்பு நம் புள்ளிவிவரங்களில் காணாமல் போவது இங்கேதான்.

"அம்மா என்ன வேலை செய்றாங்க?" என்று வாசலில் நின்று கேட்டால், "வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்று பதில் வரும். பெரும்பாலும் அதைச் சொல்பவர் கணவரோ மகனோ. சில நேரம் அந்த அம்மாவே சொல்வார். அவர் விடியுமுன் எழுந்து சாணம் அள்ளி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து, சோறாக்கி, தோட்டத்துக்குக் களையெடுக்கப் போய்விட்டு வந்தவராக இருப்பார். வேலை என்று கேட்டதும் அவர் மனம் எடைபோடுகிறது: சம்பளம் வருவதுதானே வேலை? பதில் "இல்லை" என்று முடிகிறது. களப்பணியாளர் குறியிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

இந்தக் குறையை உணர்ந்து 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வேலை பற்றிய கேள்வியிலேயே, பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்யும் உழைப்பையும் சேர்த்து என்ற விளக்கம் அச்சிடப்பட்டது. அதைவிடப் பெரிய மாற்றம், கேள்வியின் வடிவத்தையே மாற்றிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 1998–99இல் ஆறு மாநிலங்களில் அது முன்னோட்டமாக நடந்தது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. 2019இல் நாடு முழுவதும் நடந்தது. அதில் வேலை செய்கிறீர்களா என்ற எடைபோடும் பொறுப்பு பதில் சொல்பவர் தலையில் இல்லை. முந்தைய நாள் அதிகாலை 4 மணி முதல் அடுத்த அதிகாலை 4 மணி வரை, அரை மணிக்கு அரை மணி என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். வீட்டாருக்காகச் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். ஈடுபட்டவர்களின் விகிதமே பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. "சும்மா" என்ற பதிலுக்குப் பின்னால் நாளுக்கு ஐந்து மணி நேரம் மறைந்திருந்தது.

நான்காவது படி, சொல்வது. தெரியும், நினைவும் இருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது என்ற நிலை உண்டு. கணவன் அடிப்பதைப் பற்றி மாமியார் பக்கத்தில் இருக்கும்போது யார் சொல்வார்? தேசியக் குடும்பநல ஆய்வு இதில் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. குடும்ப வன்முறைக் கேள்விகள் ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படும். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியே கேட்கப்படாது. யாராவது உள்ளே வந்தால் களப்பணியாளர் பேச்சை நிறுத்த வேண்டும். "வன்முறைக்கு ஆளானீர்களா?" என்ற பொதுக் கேள்வியோடும் விடுவதில்லை. அறைந்தாரா, தள்ளினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று செயல் செயலாகக் கேட்கிறார்கள். அடி வாங்கியதை வன்முறை என்று பெயரிட்டுப் பழகாத பெண்ணும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிகிறது.

ஊழல், போதை, தேர்வில் முறைகேடு போன்றவற்றுக்கு இன்னொரு வழியை 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற புள்ளியியலாளர் கண்டுபிடித்தார். அதன் எளிய வடிவம் இது. பதில் சொல்பவர் யாரும் பார்க்காமல் ஒரு நாணயத்தைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், உண்மை எதுவானாலும் "ஆம்" என்று சொல்ல வேண்டும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் "ஆம்" என்றால் நாணயத்தினால் சொன்னாரா, செய்ததால் சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆயிரம் பேரில் 600 பேர் "ஆம்" என்றால், ஏறத்தாழ 500 பேர் நாணயத்தால் சொன்னவர்கள். மீதி 500 பேரில் 100 பேர் உண்மையாகவே செய்தவர்கள், அதாவது 20 விழுக்காடு. தனி மனிதரின் இரகசியம் காக்கப்படுகிறது, கூட்டத்தின் அளவு கிடைத்துவிடுகிறது.

நல்ல கேள்விகள் எழுதியாயிற்று என்றால் யாரிடம் கேட்பது? 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு மாதிரியை அஞ்சலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. வேட்பாளர் லாண்டன் 57 விழுக்காடு பெற்று வெல்வார் என்று இதழ் அறிவித்தது. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் ஏறத்தாழ 61 விழுக்காடு பெற்று, 48 மாநிலங்களில் 46ஐக் கைப்பற்றினார். முகவரிகள் தொலைபேசிப் புத்தகங்களில் இருந்தும் கார் பதிவேடுகளில் இருந்தும் எடுக்கப்பட்டவை; பொருளாதார மந்தத்தின் நடுவே அவை வசதி உள்ளவர்களின் பட்டியல்கள். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களும் அனுப்பாதவர்களும் ஒரே மனநிலை கொண்டவர்களாக இல்லை என்பது மற்றொரு காரணம். இன்று கூகுள் ஃபார்ம் தயாரித்து, வாட்ஸ்அப் குழுக்களில் பகிர்ந்து, வந்த 400 பதில்களைத் "தமிழ்நாட்டு இளைஞர்களின் மனநிலை" என்று தலைப்பிடும் ஆய்வு அதே தவற்றைச் சிறிய அளவில் செய்கிறது. அந்தக் குழுக்களில் யார் இருக்கிறார்கள், பார்த்தும் நிரப்பாமல் விட்டவர்கள் யார் என்ற இரண்டையும் சொல்லாமல் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் கிடையாது.

களத்தில் கேட்பவரும் பதிலின் ஒரு பகுதி. வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை அளந்த நாள்களிலேயே புள்ளியியலாளர் மஹலனோபிஸ் இதைக் கண்டு, ஒரே பகுதியில் இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி முடிவுகளை ஒப்பிட்டார். இரண்டும் பெரிதாக வேறுபட்டால் பிழை வயலில் இல்லை, அளப்பவர்களிடம் இருக்கிறது. பெரிய கணக்கெடுப்புக்கு முன் சிறிய முன்னோட்டம் நடத்திச் செலவையும் பிழையையும் தெரிந்துகொள்வதை அவர் விடாப்பிடியாகச் செய்தார். நம் ஆய்வுகளில் முன்னோட்டம் என்பது ஆய்வேட்டில் ஒரு வரியாகச் சுருங்கிவிட்டது. பத்து, பதினைந்து பேரிடமாவது கேட்டு, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் "இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று விசாரிப்பதுதான் உண்மையான முன்னோட்டம். எங்கே தயங்கினார், எங்கே திருப்பிக் கேட்டார், எங்கே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார் என்று குறித்துக்கொண்டால் கேள்வியின் ஓட்டைகள் தாமாகத் தெரியும். ஊர்த்தலைவர் வீட்டுத் திண்ணையில் எல்லோரையும் வரவழைத்துக் கேட்பதும், சேரித் தெருவுக்குப் போகாமல் திரும்பிவிடுவதும் எந்த அச்சுப்பிழையையும் விடப் பெரிய பிழைகள்.

நல்ல வினாநிரல் எவ்வளவு காலம் பயன்படும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போகும்போது நிலம், கூலி, கடன், கிணறு, மாடு என்று விவரம் சேகரித்து வரச் சொன்னார். அந்த ஊர்களின் விவரம் 1918இல் நூலாக வந்தது. பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறு ஆய்வு செய்து 1940இல் இன்னொரு நூல் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றான, இன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கும் இருவேல்பட்டுக்கு அதற்குப் பின்னும் ஆய்வாளர்கள் போனார்கள். 2008இல் கூடப் போனார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் அந்த ஊரில் நிலம் யார் கையில் இருந்து யார் கைக்குப் போனது, கூலி உறவு எப்படி மாறியது என்று இன்று எழுத முடிவதற்கு, விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர்கள் என்ன கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்பது பதிவாகி இருந்ததே அடிப்படை.

எனவே நெறியாளர்களுக்கும் மாணவர்களுக்கும் சில வேண்டுகோள்கள். களத்தில் கேட்ட தமிழ் வடிவத்தையே ஆய்வேட்டில் அச்சிடுங்கள். ஆங்கில வடிவத்தை மட்டும் கொடுத்தால், மக்கள் காதில் விழுந்த கேள்வி எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. முன்னோட்டத்துக்குப் பிறகு எந்தக் கேள்வியை ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள், எத்தனை வீடு பூட்டியிருந்தது என்பதையும் எழுதுங்கள். பிறர் உருவாக்கிய கேள்வியை எடுத்தாண்டால் சொல் மாறாமல் எடுத்தாளுங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவரை உட்காரவைக்காதீர்கள், கூலி போகிற நேரத்தில் போகாதீர்கள். அட்டவணையில் பயன்படுத்தப் போவதில்லை என்று தெரிந்த கேள்வியை வெட்டிவிடுங்கள்.

கடைசியாக, பதில் சொன்ன ஊருக்கு முடிவைக் கொண்டுபோங்கள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் என ஆண்டுக்குப் பலமுறை கிராம சபை கூடுகிறது. ஆய்வில் தெரியவந்ததை இரண்டே பக்கத்தில், தமிழில், பெயர் எதுவும் இல்லாமல் எழுதி அங்கே படியுங்கள். எங்கே தவறாக எழுதியிருக்கிறீர்கள் என்று அந்த மக்களே எழுந்து சொல்வார்கள். அதையும் குறித்துக்கொண்டு வந்து ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.